கண்மாய்க் கரை வரை நாலு இடம்

முப்பது வருஷத்துக்கு மேல் வெடிமருந்துக்கு நடுவே நடந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் ஓய்வு பெற்று வந்தவர் என் அப்பா. அவர் விழுந்தது எங்கள் வீட்டு வாசலில், வாறுகாலுக்குள்.

எங்கள் தெருவைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. தெருவின் இரண்டு பக்கமும் வாறுகால், மூடாத சாக்கடை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசல் அகலத்துக்கு மட்டும் அதன் மேல் ஒரு கல்லைப் போட்டிருந்தார். ஒருவர் போட்டது மேடு, அடுத்தவர் போட்டது பள்ளம், மூன்றாமவர் போடவே இல்லை. மிச்சமிருந்த தெருவில் பைக்கும் சைக்கிளும் நிற்கும். அதற்கு நடுவில்தான் அட்டைப்பெட்டி ஏற்றின லோடு ஆட்டோ வரும். அன்றைக்கும் வந்தது, ஹாரன் அடித்தது, அப்பா ஒதுங்கினார். ஒதுங்கின இடத்தில் கல் இல்லை.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஐந்தாறு வருஷம் இருக்கும். நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன். எங்கள் ஊரிலிருந்து வண்டியில் கால் மணி நேரம். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். வீட்டில் நான், என் மனைவி, அப்பா மூன்று பேர்தான். அப்பா தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீசில் போர்மேனாக இருந்தவர். எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். உள்ளே மேசையும் நாற்காலியும் தேடக்கூடாது.

அப்பா வாழ்க்கையில் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. ஆபீசுக்குள் ஓடக்கூடாது என்பது சட்டம். தீப்பிடித்தால் மட்டும்தான் ஓட வேண்டும். நான் அதற்கு நேர் எதிர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டே பிறந்தவன். சாப்பிடும்போதே சட்டை மாட்டுவேன், ஒரு வேலையில் கை இருக்கும்போது அடுத்த வேலையில் கால் இருக்கும். அப்பா பார்த்துவிட்டு எப்போதும் ஒன்றே ஒன்றுதான் கேட்பார். "எங்கனலே தீப்பிடிச்சிருக்கு?"

கணுக்காலில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகும் அவர் தெருவில் இறங்கவில்லை. வாசல் நிலைக்கு உள்பக்கமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். காலையில் உட்கார்ந்தால் மதியம் சாப்பாட்டுக்கு எழுவார், பிறகு சாயங்காலம் வரை அதே நாற்காலி. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"கால்ல ஒண்ணுமில்ல, பயம்தான்" என்றார் டாக்டர். "இப்படியே விட்டா தொடைச் சதையெல்லாம் கரைஞ்சு போயிரும். அடுத்த வருஷம் நீங்கதான் இவரைக் கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போவீங்க. நடக்க வைங்க."

அப்பாவை வைத்துக்கொண்டே சொன்னார். அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன் வேட்டியைத் தானே துவைத்துக் காயப்போடுகிற மனிதர் அவர். அந்த வார்த்தை அவருக்குள் எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் குத்தியது. நான் தூக்குவேனா? தூக்குவேன். ஆனால் முகம் சுளிக்காமல் தூக்குவேனா என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

அன்று முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் இருபது தடவை நடங்கள் என்றேன். "நான் என்ன செக்குமாடாலே?" என்றார். மொட்டைமாடியில் நடக்கச் சொல்லலாம் என்றால் எங்கள் மாடிப்படி கிணற்றில் இறங்குவது மாதிரி இருக்கும். தெருவில் நடக்கச் சொன்னால் வாறுகாலைக் கையால் காட்டுவார். பேச்சு அதோடு முடிந்தது.

அந்தச் சமயம் ஊருக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளிப் புதிதாகப் பூங்கா திறந்தார்கள். சுற்றி நடைபாதை, வளைவு, கலர் பெயின்ட் எல்லாம் இருந்தது. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த காலையில் அப்பாவை என் டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். வாசலிலேயே வம்பு. மாடு நுழையக்கூடாது என்று முழங்கால் உயரத்துக்குக் குறுக்கே கம்பி வைத்திருந்தார்கள். மாடு நுழையவில்லை, சரிதான். என் அப்பாவும் நுழைய முடியவில்லை. அவர் காலைக் கையால் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன். பாதையில் ஜல்லி கொட்டிக் கிடந்தது. கொடுத்தவர் பெயர் பெரிதாக எழுதின இரண்டு பெஞ்சுகள், இரண்டும் மொட்டை வெயிலில்.

பாதிச் சுற்று நடந்தார். அப்புறம் நின்று, "ஒண்ணுக்குப் போகணும்" என்றார். அவருக்குச் சர்க்கரை உண்டு. வந்தால் தாங்காது.

கழிப்பறை இருந்தது. புது பெயின்ட் வாசம்கூடப் போகவில்லை. பூட்டியிருந்தது. சாவி காவல்காரரிடம், காவல்காரர் டீக்கடையில். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான். ஓடினேன். சாவியோடு நான் திரும்பி வந்தபோது அப்பா சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். வேட்டி நனைந்திருந்தது.

வண்டியில் எப்போதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு வருபவர், அன்றைக்குப் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்மேல் பட்டுவிடாமல் தள்ளி உட்கார்ந்து வந்தார். எனக்கு அப்போது அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. கட்டினவன்மேல் பாதி, ஐந்து நிமிஷம் பொறுக்கத் தெரியாதா என்று அப்பாமேல் பாதி. எழுதவே கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

அதன்பிறகு பூங்கா என்ற வார்த்தையையே அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, லேபிள் கட்டுகளைக் கொண்டுபோக ஆள் வரவில்லை என்று பிரஸ் முதலாளி என்னை வேனில் அனுப்பினார். போகச் சொன்னது அப்பா வேலை பார்த்த அதே ஆபீசுக்கு. வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். மருந்துப் பக்கம் போகிற எவரும் அங்கே செருப்போடு போகக்கூடாது. வழக்கம்போல் விறுவிறுவென்று நடந்தேன். காவலாளி பின்னால் இருந்து கூப்பிட்டார். "அண்ணே, மெதுவாப் போங்க. இங்கன யாரும் ஓடக்கூடாது."

மெதுவாக நடந்தேன். என் வாழ்க்கையில் முதல்முறை என்று நினைக்கிறேன். நடந்ததால்தான் பார்த்தேன். ஒரு ரூமுக்கும் இன்னொரு ரூமுக்கும் நல்ல இடைவெளி. ஒன்று வெடித்தால் அடுத்ததற்குப் பரவாமல் இருப்பதற்காக. நடுவே அகலமான மண் பாதை, ஒரு கல் இல்லை, ஒரு முள் இல்லை. வெறுங்கால், கையில் மருந்து, தடுக்கி விழுந்தால் உயிர் போய்விடும் என்பதால் தினமும் கூட்டுகிறார்கள். படி கிடையாது. ஒவ்வொரு ரூம் பக்கத்திலும் ஒரு வேம்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, மரத்தடியில் ஒரு கல். ஒரு கல்லிலிருந்து பார்த்தால் அடுத்த கல் தெரிகிறது. அப்பா முப்பது வருஷம் நடந்தது இப்படி ஒரு இடத்தில். அதுவும் சும்மா நடக்கவில்லை, ஒவ்வொரு ரூமாக எட்டிப் பார்த்து, நாலு வார்த்தை பேசி, தப்பைக் கண்டால் திட்டி நடந்தார். சாவுக்குப் பயந்து கட்டின இடத்தில் ஒரு கிழவர் நிம்மதியாக நடக்கலாம். பிள்ளைகுட்டியோடு வாழக் கட்டின எங்கள் தெருவில் நடக்க முடியாது. எனக்கு யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண் கொஞ்சம் விரிந்தது. "மூணாம் ரூமுக்கு எதுத்தாப்ல உள்ள வேம்பு நிக்குதா?" என்றார். நிற்கிறது என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான். மறுநாளும் அதே நாற்காலி, அதே நிலைப்படி. தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். போகிறவர் வருகிறவர் பின்னாலேயே அவர் கண்ணும் போனது.

கார்த்திகை மாதம். பிரஸ்ஸில் காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வந்தால், நாற்காலியில் அப்பா. ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் எனக்கு ஏதோ அறுந்துவிட்டது.

"இப்படியே உக்காந்தே செத்துப் போங்க" என்றேன்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "என்ன பேச்சு பேசுறீக? நாக்குல சனியா?" என்றாள். அப்பா மோர் ஊற்றிச் சாப்பிட்டு, கை கழுவி, படுக்கப் போனார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான் நான். என்ன பிரயோஜனம்? மன்னிப்புக் கேட்கவும் தெரியவில்லை. விடிந்ததும் அவர் முகத்தைப் பார்க்காமலே பிரஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

ஒன்பது மணி வாக்கில் என் செல் அடித்தது. அப்பாவின் நம்பர். அவர் தெருவில் இறங்குவார், விழுந்தால் கூப்பிடுவார் என்ற நினைப்பில் நான் வாங்கிக் கொடுத்த போன். அதிலிருந்து வந்த முதல் அழைப்பே அதுதான். எடுத்தால் வேறு குரல்.

"அண்ணே, நான் கண்மாய்க் கரையடி டீக்கடைக்காரன். ஒங்க அப்பா இங்கன வந்து ஒரு டீ குடிச்சாரு. ஒண்ணும் பேசல. கரை மேல ஏறிப் போனாரு. இப்பப் பாத்தா மடைக்கல்லு மேல செருப்பும் போனும் கெடக்கு. ஆளைக் காணோம். வெரசா வாங்க."

நாலு நாளாக மழை. கண்மாய் நிறைந்து கிடந்தது. எங்கள் பக்கத்தில் தண்ணீர்க் கரையில் செருப்பு தனியாகக் கிடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். விளக்க வேண்டியதில்லை.

மெஷினை யார் நிறுத்தினார்கள் என்று தெரியாது. எப்படி வண்டி ஓட்டினேன் என்றும் தெரியாது. வழியெல்லாம் நான் சொன்ன அந்த நாலு வார்த்தைதான் காதில். கரையில் கூட்டம் கூடியிருந்தது. மடைக்கல்லின் மேல் அப்பாவின் செருப்பு இரண்டும் ஒட்டி வைத்தபடி ஒழுங்காக இருந்தன. பக்கத்தில் போன் இருந்த இடத்தைக் கடைக்காரர் காட்டினார். டீக்கடையில் இருந்த இரண்டு பேர் ஏற்கனவே தண்ணீருக்குள் இறங்கித் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் இறங்கினேன். நெஞ்சளவு தண்ணீரில் நின்று, கையால் துழாவி, "அப்பா, அப்பா" என்று கத்தினேன். நானே கொன்றுவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னதாகக் கடைக்காரர் பிறகு சொன்னார்.

கரை வளைந்து கருவேல மரங்களுக்குப் பின்னால் மறைகிற இடத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். வெறுங்கால். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து நிதானமாக வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், ஓடுகிறவர்களைப் பார்த்தார், தண்ணீருக்குள் நிற்கிற என்னைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"எந்த ஆபீசுலே?" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஜனங்கள் இப்படி ஓடினால் அதற்கும் ஒரே அர்த்தம்தான். எங்கேயோ வெடித்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

தண்ணீரிலிருந்து ஏறி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதேன், ஏசினேன், இரண்டையும் ஒன்றாகச் செய்தேன். "செருப்பையும் போனையும் ஏன் அங்கன வச்சிட்டுப் போனீக?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "பின்ன? வேலைக்குப் போறவன் அதெல்லாம் கேட்டுல வச்சிட்டுத்தானலே போவான்" என்றார்.

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். அந்த ஆளும் ஆபீசில் வேலை பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் மட்டும் நனைந்த கோழியாக நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அப்பா வீட்டிலிருந்து கண்மாயின் அந்தக் கோடி வரை நடந்து திரும்பியிருந்தார். எப்படி முடிந்தது? டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். மாதக்கணக்கில் நாற்காலியில் அவர் சும்மா இருக்கவில்லை. தெருவில் தன் வயதுக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பார்வை எட்டாத இடத்தைக் காய்கறிக்காரியிடம் விசாரித்திருக்கிறார். நாலு இடம் தேறியது. தெரு முக்கில் வெல்டிங் பட்டறை வாசல் பலகை. அப்புறம் பிள்ளையார் கோயில் படி. மூன்றாவது ரைஸ் மில் காவலாளியின் நாற்காலி, அங்கே கழிப்பறை உண்டு, பூட்டு கிடையாது. நாலாவது இந்த டீக்கடை. கரை மேல் போய்விட்டால் மண் பாதை, நிழல், நடுவே மடைக்கல்.

"ஒரே ஒரு எடந்தான் தப்பு" என்றார், போர்மேன் குரலில். "மில்லுக்கும் டீக்கடைக்கும் நடுவுல ரொம்பத் தூரம். கரண்டுக் கம்பத்தைப் புடிச்சிக்கிட்டு நின்னேன். அங்கன ஒரு கல்லு கெடந்தா போதும்லே."

இத்தனை நாள் அவரை நடக்க வைக்க நான் போட்ட ஆட்டத்துக்கு, கேட்டது ஒரு கல். மனு எழுதிக்கொண்டு பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனேன். அதை வாங்கிப் படித்த அதிகாரி நல்ல மனிதர்தான். "ரோடு போடலாம், லைட் போடலாம். உட்காரக் கல் போடுறதுன்னு ஒரு வேலை எங்க லிஸ்ட்லயே இல்லையே சார்" என்று வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார். அங்கே கத்தினால் ஆகாது என்று எப்படியோ எனக்கே தெரிந்தது.

எங்கள் பிரஸ்ஸின் பின்பக்கம் பழைய லித்தோ கற்கள் கிடந்தன. ஆப்செட் வருவதற்கு முன் அவற்றின் மேல்தான் படம் எழுதி அச்சடிப்பார்கள். பிறகு துணி துவைக்கத்தான் உதவின. பெரிதாகப் பார்த்து ஒன்றைக் கேட்டு வாங்கினேன். மூன்று பேர் சேர்ந்து லோடு ஆட்டோவில் ஏற்றினோம். அப்பாவை வாறுகாலில் தள்ளின வண்டி இனத்துக்கு ஒரு பிராயச்சித்தம். கம்பத்துக்குப் பக்கத்தில் செங்கல் அடுக்கி அதன் மேல் கல்லை இறக்கினோம். அப்பா சுற்றி வந்து பார்த்தார். உயரம் அதிகம், எழுந்திரிக்க லேசாகத்தான் இருக்கும், ஆனால் உட்கார்ந்தால் கால் தொங்கும் என்று ஒரு வரிசைச் செங்கலை எடுக்கச் சொன்னார். எடுத்தோம்.

அப்புறம் தெருவைப் பிடித்தார். எங்கள் வரிசையில் ஏழு வீட்டுக்காரர்களை அரித்தெடுத்து, வாறுகால் கற்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார். எட்டாவது வீட்டுக்காரர் கடைசிவரை மசியவில்லை. அவர் வாசலைத் தாண்டும்போது மட்டும் அப்பா நடுத்தெருவில் இறங்கி, அந்த வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். கம்பத்தடிக் கல்லில் அப்பாவுக்கு மட்டுமா இடம்? தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்வருகிற பெரிய மனுஷிகள், முட்டிவலிக்காரர்கள், காய்கறிக்காரி என்று எல்லாரும் உட்கார்ந்தார்கள். சில நாள் அப்பாவே நின்றுகொண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

மழையோ வெயிலோ, அதற்குப் பிறகு நாலு வருஷத்துக்கு மேல் அந்த வழியில் நடந்தார். மடைக்கல் மேல் செருப்பையும் போனையும் வைத்துவிட்டுத்தான் போவார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஊரே பழகிக்கொண்டது. இரண்டே நாள் காய்ச்சலில் போனார். போவதற்கு முந்தின சாயங்காலம்கூடக் கக்கூசுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து போய் வந்தார். நான் கூடவே போனேன். தூக்கவில்லை.

இதையெல்லாம்விட எனக்கு மறக்காதது ஒன்று உண்டு. கல் போட்டு ஒரு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு நானும் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிஷத்துக்குள் என் முட்டி ஆட ஆரம்பித்துவிட்டது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அன்னைக்கு ராத்திரி நான் சொன்ன வார்த்தையாலதான் கெளம்பிப் போனீகளா?"

"ஆமா" என்றார். "உக்காந்தே சாவுன்னு சொன்ன. எனக்கு அதுல இஷ்டமில்ல. எந்திரிச்சுப் போனேன்."

கலங்கின கண்ணை மறைக்க வேண்டுமே என்று, பிரஸ்ஸில் வேலை கிடக்கிறது என்று முனகிக்கொண்டு எழுந்தேன். அப்பா என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்.

"எங்கனலே தீப்பிடிச்சிருக்கு? உக்காரு."

உட்கார்ந்தேன்.